தலைகீழாக நின்ற கொடி

அந்த வக்கீலம்மாவுக்கு ரயில்காரர்கள் வைத்திருந்த பெயர் 'கை கால் வக்கீல்'. வேறு வழக்கு அவரிடம் வராது. தண்டவாளத்தில் கை போனவன், பெட்டிகளுக்கு நடுவே கால் போனவன், ஓடும் வண்டியிலிருந்து விழுந்தவனின் பெண்டாட்டி, கேட் இல்லாத இடத்தில் மோதிச் செத்தவனின் அப்பன், இவர்கள்தான் அவருடைய கட்சிக்காரர்கள். அப்படிப்பட்டவர் அலுவலகத்தை எங்கே வைத்திருந்தார் தெரியுமா? சைக்கிள் கடைக்கு மேலே, செங்குத்தான மாடிப்படி ஏறிப் போகிற அறையில்! காலில்லாதவன் கீழே நின்று கூப்பிட வேண்டியது, அவர் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கி வர வேண்டியது. பாதி வழக்குகளைப் பஞ்சர் ஒட்டுகிற நாற்றத்துக்கு நடுவே, கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் கேட்டார். "கீழ் வீடா ஒண்ணு பாருங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்று கடைக்காரர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். பார்க்கலாம்தான். தோற்கிற வக்கீலுக்குக் கீழ் வீடு கட்டுப்படியாக வேண்டுமே.

ஆமாம், பெரும்பாலும் தோற்கிற வக்கீல்தான். அதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ரயில் கம்பெனிக்குத் தெரிந்தது ஒரே பாட்டு, எல்லா வழக்கிலும் அதையே பாடும்: 'விதியை மீறினான், அடிபட்டான்.' விதிகள் என்ன கொஞ்சமா நஞ்சமா? அத்தனையையும் கடைப்பிடித்தால் ஒரு வண்டி நகராது. நகரவில்லை என்றால் மேலதிகாரி தொண்டை கிழியக் கத்துவார். கடைப்பிடிக்காமல் வண்டியை நகர்த்தினால், அடிபடுகிற அன்றைக்கு அடிபட்டவன் தலையில் பழி. இதை எத்தனை தரம் நீதிமன்றத்தில் சொன்னாலும் சுவரிடம் சொன்னது போலத்தான். "ஒருநாள், ஒரே ஒருநாள், அவங்க காட்டுற ஆதாரத்தை வச்சே அவங்களை மடக்கணும்" என்று வக்கீலம்மா கறுவிக்கொண்டிருந்தார். அந்த நாள் ஒட்டடையின் வழக்கில் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

ஒட்டடை என்பது ஒட்டடைக்குச்சியின் சுருக்கம். ஆள் அவ்வளவு உயரம். சரக்கு வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கிற யார்டில் பெட்டிகளைக் கோத்துவிடுகிற வேலை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து நுழைந்து, கொக்கியை மாட்டி, காற்றுக் குழாயைப் பூட்டிவிட்டு வெளியே வர வேண்டும். அந்த உயரத்துக்கு அது பொருந்தாத வேலை. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. ஒரு மழை நாள் சாயங்காலம் அவர் உள்ளே இருக்கும்போதே இன்ஜின் வந்து முட்டியது. வலது கால் தொடையோடு போனது, இடது கால் முழங்காலோடு. "இனிமே நான் அரை ஒட்டடைதான் வக்கீலம்மா, பேரை மாத்திடுங்க" என்று முதல் நாளே சொல்லிச் சிரித்தவர் அவர். சிரிப்பில் பங்கெடுத்துக்கொள்ள வக்கீலம்மாவால் முடியவில்லை.

வழக்கு ஒரு கொடியில் நின்றது. உள்ளே நுழைகிறவன், இன்ஜின் வரக்கூடிய பக்கத்தில் தண்டவாளத்துக்கு நடுவே தன் சிவப்புக் கொடியைக் குத்தி நட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். அடியில் கூரான இரும்புக் கம்பி, மேலே துணி. கொடி நிற்கிறவரை எந்த டிரைவரும் வண்டியை நகர்த்தக் கூடாது. நட்டவனே பிடுங்க வேண்டும். அடுத்தவன் தொடவே கூடாது. ஆட்கள் தங்கள் கொடிகளை வைக்கிற கொட்டகையின் சுவரில் இதை ஆளுயர எழுத்தில் எழுதியே வைத்திருந்தார்கள். ஒட்டடை சொன்னது: "நட்டுட்டுத்தான் நுழைஞ்சேன். எவனோ எடுத்துட்டான்." கம்பெனி சொன்னது: "நடவே இல்லை. விபத்து நடந்த உடனே போய்ப் பார்த்தோம், அவர் கொடி கொட்டகையில் அதன் இடத்தில் பத்திரமாக இருந்தது." நட்டிருந்து வேறொருவன் எடுத்தான் என்று நிரூபித்தால், ஆயுசு முழுக்கக் கம்பெனி சோறு போட வேண்டும். நடவில்லை என்றால் ஒன்றும் கிடையாது.

வக்கீலம்மா ஒட்டடையின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போவார். கம்பெனி கொடுத்த குடியிருப்பு: ஒரு கூடம், ஓர் அறை, பின்னால் சமையலறை. கூடத்து ஜன்னலோரம் ஒட்டடையின் கட்டில். அவர் மகனும் அதே யார்டில் அதே வேலைக்குச் சேர்ந்திருந்தான். அப்பனைப் போலவே உயரம், அதனால் 'சின்ன ஒட்டடை'. வேலைக்குப் போகுமுன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டி, துடைத்து, சட்டை மாட்டி, திரும்பக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுத்தான் போவான். முகம் சுளிக்கமாட்டான். "இப்படி ஒரு பிள்ளை யாருக்கும்மா கிடைக்கும்" என்று வக்கீலம்மாவே ஒருநாள் அவன் அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மாள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒட்டடை மற்றபடி கலகலப்பானவர். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாய் கெட்டுப்போகும். அந்தக் கொடி. "எடுத்தானே, அந்தக் கை அழுகணும். அந்தக் கையால அவன் ஒரு வாய் சோறு திங்கக் கூடாது. அவன் பெத்தவங்க வயிறு எரியணும்" என்று ஆரம்பித்தாரானால் காது கொடுத்துக் கேட்க முடியாது. இட்லியோ ரொட்டியோ எதுவாயிருந்தாலும் மகன் பிட்டு அவர் வாயில் ஊட்டிக்கொண்டிருக்கும்போதே சபிப்பார். கைகள்தான் நன்றாக இருக்கின்றனவே, ஏன் ஊட்டுகிறான் என்று வக்கீலம்மாவுக்குத் தோன்றியதுண்டு. சரி, பாசம் என்று விட்டுவிட்டார்.

அவருடைய மனைவி மட்டும் ஒவ்வொரு தடவையும் வாசல்வரை வந்து அதையே சொல்வாள். "வக்கீலம்மா, அந்தக் கொடிப் பேச்சை விடுங்க. இன்ஜின்காரன் ஹாரன் அடிக்கல, அதை மட்டும் பிடிச்சுக்குங்க. போதும்."

"ஹாரனை வச்சு ஒண்ணும் நிக்காது அக்கா. மழையில யாருக்குக் கேட்டுச்சு, யாருக்குக் கேக்கலன்னு எப்படி நிரூபிக்கிறது? கொடிதான் வழக்கே."

"கிடைக்கிறது கிடைக்கட்டும். கொடி வேண்டாம்."

படிக்காத பெண், பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் வக்கீலம்மா. எத்தனை பேரைப் பார்த்தவர், எத்தனை முகத்தைப் படித்தவர்! இந்த ஒரு முகம் அவருக்குப் பிடிபடவில்லை.

விசாரணைக்குக் கொஞ்ச நாள் முன்பு கம்பெனி தன் ஆதாரங்களின் நகலைக் கொடுத்தது. அதில் ஒரு புகைப்படம். கொட்டகைச் சுவரோரம் மரச்சட்டத்தில் வரிசையாகக் கொடிகள் செருகியிருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஆளின் எண். ஒட்டடையின் எண்ணுக்கு மேலே ஒட்டடையின் கொடி. பார்த்ததும் வக்கீலம்மா, தீர்ந்தது கதை என்று நினைத்தபடி இந்த வழக்குகளை விசாரிக்கிற தீர்ப்பாயத்து வாசலில் இருந்த டீக்கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

டீக்கடைக்காரர் 'விசில்'. அவரும் பழைய யார்டு ஆள்; முன்பல் இடைவெளியில் பேச்சோடு சீழ்க்கையும் சேர்ந்து வரும். மூன்று விரல்களைக் கொக்கியில் பறிகொடுத்து, வக்கீலம்மாவை வைத்து வழக்காடி, தோற்று, அதே தீர்ப்பாயத்து வாசலில் கடை போட்டவர். "தோத்தாலும் உங்க முகத்தைத் தினம் பாக்கிற மாதிரி இடம் பிடிச்சேன் பாத்தீங்களா" என்பார். அன்றைக்கும் ஏதோ கேலியாகச் சொல்லிக்கொண்டு டீயை நீட்டியவர், மேஜைமேல் கிடந்த படத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"அட! இது எவன் எடுத்தாந்த கொடி?"

"என்னண்ணே?"

"நல்லாப் பாருங்க. எல்லாக் கொடியும் துணி மேல இருக்கு. இது மட்டும் கம்பி மேல, துணி கீழ. தலைகீழா நிக்குது." விசில் மிச்சமிருந்த விரலால் தட்டிக் காட்டினார். "எங்க ஆளுங்க வழக்கம்மா இது. வேலை முடிஞ்ச அசதியில கொடியைப் பிடுங்காம மறந்து வந்துடுவாங்க. கொடி நின்னா வண்டி நிக்கும், வண்டி நின்னா யார்டு மாஸ்டர் 'உங்கப்பன் வீட்டு வண்டியாடா'ன்னு ஆரம்பிச்சுடுவான். அதனால பக்கத்துல இருக்கிறவன் பிடுங்கிட்டு வந்து, அவனுக்குத் தெரியட்டும்னு தலைகீழாச் செருகிடுவான். மறந்தவன் வந்து பாத்துட்டு, எடுத்தவனுக்கு ஒரு டீ வாங்கித் தரணும். மாஸ்டருக்கே தெரியும், சிரிச்சிட்டுப் போவான். விதியாவது ஒண்ணாவது."

வக்கீலம்மா எழுந்தே நின்றுவிட்டார். டீ பாதியில் கிடந்தது. அப்படியென்றால் கொடி நடப்பட்டிருந்தது! நட்டவன் எடுக்கவில்லை, வேறொருவன் எடுத்தான்! அதிகாரிக்குத் தெரிந்தே நடக்கிற வழக்கம்! அதுவும் கம்பெனியே கொண்டுவந்து நீட்டிய படத்தில்!

"அண்ணே, இதைத் தீர்ப்பாயத்துல வந்து சொல்வீங்களா?"

"சொல்றேன், எனக்கென்ன போச்சு? ஆனா எடுத்தவன் யாருன்னு முதல்ல..." விசில் சொல்லி முடிப்பதற்குள் அவர் தெருவில் இறங்கிவிட்டார். அந்தப் பாதி வாக்கியத்தை நின்று கேட்டிருந்தால் என்ன? கேட்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாகக் கம்பெனியை மடக்கப்போகிறவருக்குக் காது அடைத்துப்போவது சகஜம்.

அவர் போனபோது ஒட்டடையின் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். மகன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தான். அம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வக்கீலம்மா செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் உள்ளே வந்து, படத்தை ஒட்டடையின் மடியில் வைத்தார்.

"அண்ணே, ஜெயிச்சுட்டோம்னு வச்சுக்குங்க! உங்க கொடியைப் பாருங்க. தலைகீழா நிக்குது. விசில் அண்ணன் எல்லாம் சொல்லிட்டார். யாரோ உங்களுக்கு உதவி பண்றதா நினைச்சு எடுத்துட்டு வந்து செருகியிருக்காங்க. யார்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஒட்டடை படத்தைக் கையில் எடுத்தார். வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் திருப்பினார். வக்கீலம்மாவுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்தது: அந்தக் கொடித் துணி கம்பியில் இறுக்கமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகியிருந்தது. அப்படிச் சுற்றுகிறவன் அந்த யார்டில் ஒருவன்தான். அப்பாவுக்கு முழங்கால் வலி, கொட்டகைவரை இன்னொரு நடை நடக்க வேண்டாமே என்று, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் கொடியை அவன்தான் எடுத்து வருவான். அதுவும் அவர் வெளியே வந்ததைப் பார்த்த பிறகுதான் எடுப்பான் என்பதால், அவன்மேல் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. வேறு யாருக்கும் அவர் டீ வாங்கித் தந்ததே இல்லை.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. குழாயை மூடாமல் மகன் நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அம்மாள் மடித்த சட்டையை மறுபடி பிரித்தாள். வக்கீலம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் அவருக்கும் புரிந்தது. கொண்டுவந்த படத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு, வந்த வழியே பின்னாலேயே நடந்து போய்விட முடிந்தால் போயிருப்பார்.

ஒட்டடைதான் பேசினார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"வக்கீலம்மா, நான் கொடி நடல. மறந்துட்டேன். இத்தனை நாளா வெக்கத்துல பொய் சொன்னேன்."

"அண்ணே..."

"மழை. அவசரம். மறந்துட்டேன். அவ்வளவுதான்." படத்தை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "டேய், குழாயை மூடு. தண்ணி வீணாப் போகுது."

மறுநாள் காலையில் அம்மாள் சைக்கிள் கடைக்கு வந்தாள். படியேற மனமில்லாமல் கீழேயே நின்றாள். வக்கீலம்மா இறங்கி வந்ததும், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவன் விபத்து நடந்த அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டான். மழை கொட்டுது, எல்லாருக்கும் கம்பெனி குடுத்த ஒரே மாதிரி மஞ்சக் கோட்டு. உயரமா ஒருத்தர் கொட்டகைப் பக்கம் போறதைப் பாத்துட்டு, அப்பாதான் வெளிய வந்துட்டார்னு நினைச்சுப் பிடுங்கியிருக்கான். கூப்பிட்டும் பாத்திருக்கான். மழைச் சத்தத்துல உள்ள இருந்த இவருக்குக் கேக்கல. என் கால்ல விழுந்து அழுதான். 'அப்பாகிட்டச் சொல்லிடறேம்மா'ன்னான். நான்தான் வாயைப் பொத்தினேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அக்கா."

"எத்தனை தடவை சொன்னேன், கொடியை விடுங்கன்னு? கேட்டீங்களா?" அவள் குரல் உயரவே இல்லை. "அந்த வீட்டுல நானும் தூங்கல, அவனும் தூங்கல. காலில்லாத மனுசன் ஒருத்தர்தான் படுத்ததும் குறட்டை விட்டுத் தூங்கினார். யாரோ ஒரு பாவியைத் திட்டிட்டு நிம்மதியாத் தூங்கினார். அதையும் பிடுங்கிட்டீங்களே தாயே."

வக்கீலம்மா கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து எங்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். 'நான் தினம் திட்டினதெல்லாம் அவன் காதுல விழுந்துச்சாடி?' சொல்லுங்க, நான் என்ன பதில் சொல்லட்டும்?" முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த கடைக்காரர், ஒன்றும் கேட்காதவர் போலச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார்.

அன்று மத்தியானமே மகன் வந்தான். படியேறி வந்து வாசலில் நின்றான்.

"மேடம், நான் சாட்சி சொல்றேன். கொடி இருந்துச்சு, நான்தான் எடுத்தேன்னு சொல்லிடறேன். அப்பாவுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கட்டும்."

"உன் வேலை போகும் தம்பி. வேலை போனா வீடும் போகும். அதோட விடமாட்டாங்க. மாஸ்டர் கண்ணெதிர்ல நடக்கிற வழக்கத்தை உன் ஒருத்தன் தலையில கட்டி, கவனக்குறைவுன்னு போலீஸ்ல கேஸ் போடுவாங்க."

"போடட்டும். உள்ள இருந்தாலாவது தூக்கம் வரும்."

அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆனாலும், உள்ளதைச் சொன்னால், வக்கீல் புத்தி ஓரமாகக் கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்தது. இவன் ஏறினால் வழக்கு ஜெயிக்கும். இந்த வழக்கு ஜெயித்தால், இனிமேல் எந்தக் கம்பெனி வக்கீலும் சுவரில் எழுதிய விதியைக் காட்டித் தப்பிக்க முடியாது. அடுத்து வருகிற ஒவ்வொரு கை காலுக்கும் இது உதவும். அவனை அழைத்துக்கொண்டு மறுபடி அந்த வீட்டுக்குப் போனார்.

ஒட்டடை மகன் பக்கம் திரும்பவில்லை. அன்று அவன் தூக்க வந்தபோதும் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, கட்டிலிலிருந்து தானே சரிந்து இறங்கி, தரையில் உள்ளங்கையை ஊன்றித் தேய்த்துக்கொண்டே குளியலறைக்குப் போனாராம். வழியில் இரண்டு இடத்தில் தோல் வழன்றுபோனதாக அவர் மனைவி சொன்னாள்.

"வக்கீலம்மா, வழக்கு என்னதா, உங்களதா?"

"உங்களது அண்ணே."

"அப்ப நான் சொல்றதைக் கேளுங்க. இவன் சாட்சிக்கூண்டுல ஏறினா, நான் அங்கேயே வழக்கை வாபஸ் வாங்குவேன். விசிலும் வரக் கூடாது. அந்தப் படத்தைப் பத்தி நீங்க வாயைத் திறக்கக் கூடாது. கால் போனது எனக்கு. அது எப்படிப் போச்சுன்னு சொல்றதும் நான்தான்."

"கடைசிவரைக்கும் யார் அண்ணே உங்களைப் பாத்துக்கிறது?"

"அதுக்குத்தான் சொல்றேன். அவன் வெளிய இருக்கணும்."

விசாரணை நாளில் யார்டு ஆட்கள் நிறையப் பேர் வந்து பின் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். விபத்து அன்றே கொட்டகையில் தலைகீழாக நின்ற கொடியைப் பார்த்தவர்கள் அவர்கள். யார் சுற்றிய துணி என்று அறிந்தவர்கள். இத்தனை காலம் ஒருவன் வாய் திறக்கவில்லை. மகன் கடைசி வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தான்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். நீண்ட சண்டைக்குத் தயாராக வந்தவர்; முதல் கேள்விக்கே பதில் கையில் வந்து விழுந்தது.

"கொடி நட்டீர்களா?"

"இல்லைங்க. மறந்துட்டேன்."

"மனுவில் நட்டதாகச் சொல்லியிருக்கிறீர்களே? அப்போ அது பொய்யா?"

"ஆமாங்க. பொய்."

"பணம் பிடுங்கலாம் என்று பார்த்தீர்கள், இல்லையா?"

"ஆமாங்க."

வக்கீலம்மா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலில்லாத மனிதன் தன்னைத் திருடன் என்று எழுதிக்கொள்ளச் சொல்கிறான், எழுதுகிறார்கள்!

முடிந்தது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் நடுவர், வயதானவர், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தை எடுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதென்ன, மற்ற கொடியெல்லாம் ஒரு மாதிரி இருக்கு, இவருடையது மட்டும் தலைகீழா இருக்கு?"

பின் பெஞ்சில் ஒருவரும் அசையவில்லை. கம்பெனி வக்கீல் விழித்தார். அவருக்கு நிஜமாகவே தெரியாது. வக்கீலம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். ஒரு வாக்கியம் போதும். கம்பெனி கொண்டுவந்த ஆதாரம், நடுவரே கேட்ட கேள்வி, வாழ்நாளெல்லாம் காத்திருந்த இடம். பேசாமல் இருந்தால் தொழிலுக்குத் துரோகம், பேசினால் கட்சிக்காரருக்குத் துரோகம். ஒட்டடை கூண்டுக்குள் சக்கர நாற்காலியிலிருந்து அவரைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தார், அவ்வளவுதான். கடைசி வரிசையில் மகன் எழுந்து நிற்பதும், அம்மாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பதும் தெரிந்தது.

வக்கீலம்மா உட்கார்ந்தார்.

"நான்தாங்கய்யா அப்படிச் செருகினேன்" என்றார் ஒட்டடை. "முந்தின நாள் வேலை முடிச்சுப் போற அவசரத்துல மாத்திச் செருகிட்டேன். மறுநாள் அதை எடுக்கவே மறந்துட்டேன். என் தப்பு. வேற யார் தப்பும் இல்லைங்க."

நடுவர் படத்தைக் கட்டுக்குள் வைத்தார். தீர்ப்பை அங்கேயே சொல்லிவிட்டார். மனு தள்ளுபடி. பொய்யாகத் தாக்கல் செய்ததற்குத் தண்டனை விதிக்க வேண்டியது, உடல்நிலையைக் கருதி எச்சரித்து விடுவதாகச் சொன்னார். கம்பெனி வக்கீல் போகிற போக்கில் ஒட்டடையின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

வெளியே, டீக்கடைக்கு முன்னால் சக்கர நாற்காலி நின்றது. அம்மாள் கொஞ்சம் தள்ளி, சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். மகன் நாற்காலிக்குப் பின்னால், கைப்பிடியைத் தொடாமல் நின்றான். அந்தப் படம் வந்த நாளிலிருந்து அப்பனும் மகனும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

"விசிலு, ஒரு டீ போடு" என்றார் ஒட்டடை.

"ஒண்ணு போதுமா? எல்லாருக்கும் போடறேனே."

"ஒண்ணு போதும்." சட்டைப் பையைத் துழாவிச் சில்லறையை எடுத்தார். வக்கீலம்மா அவசரமாகத் தன் கைப்பையைத் திறந்தார், அவர் தடுத்தார். "நீங்க குடுக்கக் கூடாது வக்கீலம்மா. இது நான் குடுக்க வேண்டியது. பாக்கி நிக்குது."

விசில் டம்ளரை நீட்டினார். ஒட்டடை வாங்கி, நாற்காலியில் உடம்பைத் திருப்பி, பின்னால் நின்றவனிடம் நீட்டினார்.

விசிலுக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு விரல் கையால் தலையில் அடித்துக்கொண்டு, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகன் வாங்கவில்லை. முகம் கோணிக்கொண்டு வந்தது. கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"புடிடா. கை சுடுது."

வாங்கினான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஒட்டடை அவன் குடித்து முடிக்கும்வரை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெறும் டம்ளரை அவன் கையிலிருந்து வாங்கி, பலகைமேல் வைத்தார்.

"இனிமே எவன் கொடியையும் தொடாதே. என்ன அவசரமா இருந்தாலும் சரி."

"சரிப்பா."

"சரி, தூக்கு. அம்மா எவ்வளவு நேரம் தரையில உக்காந்திருப்பா?"

மகன் முன்னால் வந்து குனிந்தான். ஒட்டடை அவன் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டார். தெருவில் பஸ் நிற்கும் இடம்வரை அவரைத் தூக்கிக்கொண்டு அவன் நடந்தான். காலி நாற்காலியை அம்மாள் தள்ளிக்கொண்டு பின்னால் போனாள்.